உன் கணக்கு சரிதான், தம்பி

தம்பி,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாளே, அம்மாவுக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று நீ பயந்துவிடக் கூடாது. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் சாப்பிட்டீர்களா என்று நீ கேட்பாய், நான் ஆயிற்று என்பேன், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசுவோம், பிறகு வைத்துவிடுவோம். நான் வேன் ஓட்டுவதை நிறுத்தியதிலிருந்து நம் பேச்சு இவ்வளவுதான். எழுதினால் நடுவில் நீ பேச்சை மாற்ற முடியாது. நானும் மாற்ற முடியாது.

போன வாரம் கவிதா கூப்பிட்டாள். உங்கள் கல்யாணத்தன்று நான் என்ன நிறத்தில் சேலை கட்டப்போகிறேன் என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். பச்சை என்றேன். வைக்கப்போகும் நேரத்தில் கொஞ்சம் தயங்கினாள். "அத்தை, ஒன்னு கேக்கலாமா? அவரு ஏன் உங்களப் பாக்க காஹாங் பக்கமே வர மாட்டேங்கிறாரு? கேட்டா, அம்மாவோட பொழப்ப நான்தான் கெடுத்துட்டேன், அன்னிக்கு அவங்க அழுதாங்க, அந்த மொகத்த பாக்க முடியலன்னு சொல்றாரு" என்றாள். நான் அவளுக்கு ஏதோ மழுப்பலாகச் சொல்லி வைத்துவிட்டேன். பாவம், அவள் நல்லதற்குத்தான் கேட்டாள். ஆனால் அந்தப் பதில் அவளுக்குச் சேர வேண்டியது இல்லை. உனக்குச் சேர வேண்டியது. புது வீட்டுக்குள் நீ அதைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அப்பா தவறியபோது நீ இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாய். செம்பனை எண்ணெய் ஆலையில் எனக்கு ஒரு துப்புரவு வேலை தருவதாகச் சொன்னார்கள். அப்பா கடைசியாக வேலை பார்த்த இடத்துக்குத் தினமும் போய் வர எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் அந்த வேனை வாங்கினேன். காய்கறி விற்க வேண்டும் என்று எனக்கு ஒன்றும் ஆசை இல்லை. ஓட்டத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். சந்திக்கு அந்தப் பக்கம் சீனத் தவுக்கே ஆ சூனின் காய்கறித் தோட்டத்தில் கங்கோங் கீரை, சாவிக் கீரை, வெண்டைக்காய், கத்தரிக்காய் எடுப்பேன். வெங்காயமும் உருளைக்கிழங்கும் குளுவாங் மொத்தக் கடையிலிருந்து வரும். மீன் மெர்சிங்கிலிருந்து வரும். பிறகு தாமான் வீடுகள், மலாய்க் கம்பத்து வீடுகள், செம்பனைத் தோட்டத்து லய வீடுகள் என்று சுற்றி வருவேன். ஹார்ன் சத்தம் கேட்டதும் பெண்கள் வாசலுக்கு வருவார்கள். அந்த வேலை எனக்குப் பிடித்த நாட்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. சிலர் காய் வாங்காமல் பேசுவதற்காகவே வந்து நிற்பார்கள். ஆனால் எல்லோரும் சொல்வதுபோல அது என் உயிர் இல்லை. நீ படித்து முடிக்கும்வரை அது ஓட வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். ஓடியது.

நீ ஸ்கூடாயில் படித்து அங்கேயே அந்த மினி மார்க்கெட் கம்பெனியின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாய். எந்த லோரி எந்த வழியாக எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று திட்டம் போடும் வேலை என்று சொன்னாய். அதையெல்லாம் ஓட்டுநரே முடிவு செய்யமாட்டாரா என்று கேட்டேன், நீ சிரித்தாய். பிறகு ஒரு தீபாவளி விடுமுறையில் வந்து, சோற்றில் கையை வைத்தபடியே, உங்கள் கம்பெனியின் மினி மார்க்கெட் காஹாங்கில் திறக்கப்போகிறது என்று சொன்னாய். பலகை மாட்டுவதற்கு முன்பே என்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாய் என்பது எனக்குத் தெரிந்தது. திறக்கட்டும் என்றேன். வேறென்ன சொல்வது? அது உன் முடிவும் இல்லை, என் முடிவும் இல்லை.

திறந்தார்கள். மக்கள் போனார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். உள்ளே குளிராக இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பாலும் பெம்பர்ஸும் ஒரே இடத்தில் கிடைக்கிறது, மழையில் வேன் பக்கத்தில் நனைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் மண்டையைக் குடைந்தது. ஆ சூன் தோட்டத்துக் கங்கோங்கை உங்கள் லோரி ஏற்றிக்கொண்டு ஸ்கூடாய் வரைக்கும் போகிறது. அங்கே கழுவி, பிளாஸ்டிக் சுற்றி, குளிர் அறையில் ஓர் இரவு வைத்து, மறுநாள் வேறொரு லோரியில் ஏற்றி, ஆ சூன் வீட்டு வாசலைத் தாண்டியே திரும்பக் காஹாங்குக்குக் கொண்டு வருகிறார்கள். அந்த லோரி நின்றால்கூட அதன் குளிர்ப்பெட்டிக்கு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. இங்கே விளைந்த கீரை இங்கே வருவதற்கு எதற்கு இவ்வளவு டீசல் எண்ணெய் என்று உன்னிடம் கேட்டேன். சண்டைக்குக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டேன்.

நீ பொறுமையாகச் சொன்னாய். "அம்மா, தூரத்த மட்டும் பாக்காதீங்க. லோரி நெறஞ்சு போகுதா, காலியா போகுதான்னு பாக்கணும். பெரிய லோரி நெறஞ்சு போனா, ஒரு கட்டு கீரைக்கு ஆகுற டீசல் கொஞ்சம்தான். உங்க வேன் இப்ப பாதி காலியா சுத்துது." அப்புறம் நீயே, ஆனால் கடைக்கு ஒவ்வொருவரும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வருகிற எண்ணெயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, அதையும் சேர்த்தால் என்ன வரும் என்று தெரியவில்லை என்றாய். இரண்டு பக்கமும் பேசினாய். நான் முதல் பக்கத்தை மட்டும்தான் காதில் வாங்கினேன். பாதி காலி என்று நீ சொன்னது எனக்குச் சுட்டது. அது உண்மை என்பதால்தான் சுட்டது. அந்த வருடம் எத்தனையோ வீட்டு வாசலில் ஹார்ன் அடித்துவிட்டு, யாரும் வராமல், அடுத்த வீட்டுக்கு நகர்ந்திருக்கிறேன். வாடிய சாவிக் கீரையை வீட்டுக்குக் கொண்டு வந்து கோழிக்குப் போட்டிருக்கிறேன். அதை நீ பார்த்ததில்லை. ஆனாலும் சரியாகச் சொன்னாய்.

பிறகு அந்த மழைக்காலம் வந்தது. நம் ஊருக்கு வெள்ளம் புதிது இல்லை. அந்த முறை குளுவாங் பாதையிலும் தண்ணீர், மெர்சிங் பக்கமும் தண்ணீர். உங்கள் லோரி குளுவாங்கிலேயே நின்றுவிட்டது. கடையில் மீ நூடுல்ஸ் பாக்கெட் இருந்தது, பிஸ்கட் இருந்தது, பச்சையாக ஒன்றும் இல்லை. பள்ளி மண்டபத்தில் நிவாரண மையம் திறந்து, தாழ்வான வீடுகளில் இருந்தவர்களையெல்லாம் கொண்டு வந்து உட்காரவைத்திருந்தார்கள். ஆ சூன் தோட்டம் மேட்டில் இருந்ததால் தப்பித்தது. ஆனால் அறுத்த கீரையை எடுக்க லோரி வராது, உரக்குழியில்தான் கொட்டப்போகிறேன் என்று அவர் எனக்குப் போன் செய்து புலம்பினார். அவர் வைத்த கொஞ்ச நேரத்தில் நீ கூப்பிட்டாய். "அம்மா, வேன் ஓடுதா?" என்றாய். ஆ சூன் கீரையை ஏற்றத்தான் கேட்கிறாய் என்று புரிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த நாட்களில் நடந்ததை எல்லோருக்கும் நீ சொல்லியிருக்கிறாய், கவிதாவுக்கும் சொல்லியிருக்கிறாய். ஆ சூன் கீரையைக் கடைக்கும் மண்டபத்துக்கும் நான் ஏற்றிக்கொண்டு போனது, கடை மேனேஜர் ஃபாரா என்னை மாக்சிக் மாக்சிக் என்று அத்தை முறை வைத்துக் கூப்பிட்டு, கூடையின் ஒரு காதைத் தானே பிடித்துத் தூக்கியது, மண்டபத்தில் பெரிய குவாலிச் சட்டியில் கங்கோங் வதக்கியது. எல்லாம் உண்மைதான். நீ சொல்லாத ஒன்று இருக்கிறது, ஏனென்றால் அதை நான் உன்னிடம் சொல்லவில்லை.

பெட்ரோல் கொண்டு வரும் லோரியும் வரவில்லை அல்லவா? பம்பைக் கயிறு கட்டி மூடிவிட்டார்கள். வேனில் இருந்ததுதான் இருந்தது. மண்டபத்துக்குக் கொடுத்த பிறகு, செம்பனைத் தோட்டத்துக் கடைசி லயத்தில் சில குடும்பங்கள் மையத்துக்கு வராமல் அங்கேயே இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, பாதையில்தான் தண்ணீர். இத்தனை வருடம் என்னிடம் வாங்கியவர்கள், போகாமல் இருக்க முடியவில்லை. மிச்சமிருந்த எண்ணெயில் போனேன். கொடுத்தும் விட்டேன். திரும்பி வரும்போது செம்பனைக்கு நடுவில், பள்ளமான இடத்தில் வேன் நின்றுவிட்டது. தண்ணீர் உள்ளே வந்து என் காலை நனைத்தது. கதவைத் திறந்து இறங்கலாம் என்று பார்த்தேன், முட்டி மடங்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயம்கூட வரவில்லை, தம்பி. அதுதான் எனக்கே ஆச்சரியம். அப்பாடா, இனி இது ஓடாது, நான் எழுந்திருக்க வேண்டியதில்லை என்றுதான் தோன்றியது. பிறகு தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசியக்காரர்கள் இரண்டு பேர் வந்து வேனைத் தள்ளி மேட்டில் ஏற்றினார்கள். ஒருவர் என்னைப் பிடித்து இறக்கி, தன் மழைச்சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நீ கூப்பிட்டாய். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றேன். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீர் வடிந்ததும் நீ விடவில்லை. அம்மாவின் வேனும் ஆ சூன் தோட்டமும் இருக்கும்போது காஹாங் கடைக்கு எதற்கு ஸ்கூடாயிலிருந்து கீரை வர வேண்டும் என்று மேலே இருந்தவர்களிடம் பேசினாய், எழுதினாய், கூட்டத்தில் நின்றாய். கடைசியில் சில மாதம் செய்து பார்க்கலாம் என்று சம்மதித்தார்கள். நீ ஓடி வந்து என்னிடம் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது. சின்னப் பிள்ளைபோல என் தோளைப் பிடித்து உலுக்கினாய். நான் சிரித்தேன். என் முட்டியை மேசைக்கு அடியில் தேய்த்துக்கொண்டே சிரித்தேன்.

அந்த மாதங்கள் எனக்கு எப்படிப் போயின என்று இப்போது சொல்கிறேன். முன்பெல்லாம் உடம்பு முடியாவிட்டால் அன்றைக்கு வேன் எடுக்கமாட்டேன், யாரும் கேட்கமாட்டார்கள். கம்பெனிக்குக் கொண்டு போக ஆரம்பித்த பிறகு அப்படி முடியவில்லை. கடை திறப்பதற்கு முன்னால் கீரை அங்கே இருக்க வேண்டும், கூடை ஒரே அளவாக இருக்க வேண்டும், வாடியிருக்கக் கூடாது. மஞ்சள் சட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள், அதையும் போட்டுக்கொள்ள வேண்டும். வாசலில் நின்று பேசும் பெண்கள் இல்லை, லயத்துக்குப் போவதில்லை. தோட்டம், கடை, வீடு, அவ்வளவுதான். திரும்பும்போது வேன் காலி. பல நாள் கடைக்குப் பின்னால் வேனை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் தலை வைத்துப் படுத்திருக்கிறேன். ஃபாரா ஒரு முறை பார்த்துவிட்டு, முடியவில்லை என்றால் மகனிடம் சொல்லுங்கள் மாக்சிக் என்றாள். எப்படிச் சொல்வது? நீ எனக்காகப் போராடி வாங்கிக் கொடுத்தது அது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயே நிறுத்தமாட்டாயா என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாய். கார் வாசலில் வந்து நின்றது, நீ இறங்கவே இல்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் உள்ளே வந்து, நாற்காலியில் உட்காராமல் என் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். தலைமை அலுவலகத்தில் உன்னையே கணக்குப் போடச் சொன்னார்கள் என்றாய். இந்த ஏற்பாட்டில் எண்ணெய் மிச்சமாகிறதா இல்லையா என்று. அரிசி, சமையல் எண்ணெய், முட்டை, பால் எல்லாம் கொண்டு வர அந்தப் பெரிய லோரி காஹாங்குக்கு எப்படியும் வரத்தான் வேண்டும். கீரை இருந்த இடத்தில் இப்போது காற்றை ஏற்றிக்கொண்டு வருகிறது. அதற்கு மேல் என் வேனும் ஓடுகிறது, திரும்பும்போது சும்மா வருகிறது. இரண்டையும் கூட்டினால் செலவாகும் எண்ணெய் முன்பைவிட அதிகம், குறைவில்லை. இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே ஒன்று சொன்னாய். "நான்தான்மா கணக்கு போட்டேன். மாத்தி எழுதியிருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. என்னால முடியல."

நான் அழுதேன். நீ பார்த்தது அதைத்தான். நீ என் கையைப் பிடித்து மன்னித்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாய், நான் தலையை ஆட்டினேனே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவின் பிழைப்பு போய்விட்டது, அதனால் அழுகிறாள் என்று நீ எடுத்துக்கொண்டாய். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

தம்பி, பாரம் இறங்கியதால்தான் அழுதேன். நாளைக்கு எழுந்து கூடை தூக்க வேண்டாம் என்று உடம்பு அழுதது. நீ அந்தப் பாவத்தைச் சுமந்துகொண்டு வாசலில் நின்ற காரில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாய், நானோ உள்ளே நீ கொண்டு வந்த செய்திக்காக மாதக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய். ஆனால், நீ இத்தனை பாடுபட்டு எனக்குக் கொடுத்ததை அம்மா ஒரு நாள்கூட விரும்பவில்லை என்று தெரிந்தால் உன் மனம் என்ன ஆகும் என்று யோசித்து வாயை மூடிக்கொண்டேன். நீ என்னைக் காப்பாற்றப் பார்த்தாய், நான் உன்னைக் காப்பாற்றப் பார்த்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வருடத்தைத் தொலைத்துவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கை நீ மாற்றி எழுதாமல் விட்டாயே, அதைப் பற்றி. பெற்ற தாய் ஒரு பக்கம், கூட்டத்தில் உன்னைக் கேலியாகப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். நீ சொன்னதுதான் சரி என்று காட்டிக்கொள்ள ஓர் இலக்கத்தை இப்படி அப்படி நகர்த்தியிருந்தால் போதும். உன் பக்கம்தான் தோற்கிறது என்று தெரிந்தும் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாய். உன் அப்பா இருந்திருந்தால் அதை ஆலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். எனக்கு அப்படியெல்லாம் பேசத் தெரியாது. ஆனால் அன்று தரையில் குனிந்து உட்கார்ந்திருந்த உன் தலையைப் பார்த்தபோது, இந்தப் பிள்ளையைப் பற்றி இனி நான் கவலைப்பட வேண்டியதில்லை என்று நினைத்தேன். அழுகையில் அதுவும் கொஞ்சம் கலந்திருந்தது.

கவிதாவோடு வாழப்போகிறாய். கல்யாணம் முடிந்ததும் சிங்கப்பூர் வேலை என்றாய், விடியும் முன்னே எல்லைப் பாலத்தில் நிற்க வேண்டியிருக்கும், களைத்துத்தான் வீட்டுக்கு வருவாய். அவளும் களைத்துத்தான் வருவாள். உனக்கு முடியாவிட்டால் முடியவில்லை என்று அவளிடம் சொல்லிவிடு. அவள் முடியவில்லை என்றால் ஏன் என்று ஆராயாதே, கையில் இருப்பதை வாங்கிக் கீழே வை. ஒருவர் அன்பாகக் கொடுப்பது இன்னொருவருக்குச் சுமையாக இருக்கலாம். வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும். எனக்கு இது அறுபது தாண்டித்தான் புரிந்தது. நீ சீக்கிரம் புரிந்துகொண்டால் நல்லது, புரியாவிட்டாலும் பரவாயில்லை, வாழ்ந்துகொண்டேதான் கற்றுக்கொள்வீர்கள்.

வேனைக் கொடுத்துவிட்டேன். பாலோவிலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அதற்குள் அடுப்பு வைத்து, சந்தைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் நிறுத்தி வாழைப்பழத்தில் பீசாங் கோரெங் பொரிக்கப்போகிறாராம். இனி அது எங்கேயும் ஓடாது. கொண்டு போகும்போது மனசு ஏதாவது செய்யுமோ என்று வாசலில் நின்று பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. உள்ளே வந்து படுத்துக்கொண்டேன்.

இப்போது உங்கள் கடையில்தான் காய் வாங்குகிறேன். ஃபாரா எனக்கு நாற்காலி போடுகிறாள். ஸ்கூடாய் போய்த் திரும்பிய கீரைதான், கொஞ்சம் முறுகல் குறைந்திருக்கிறது, மற்றபடி வேகும்போது ஒரே மாதிரிதான் வேகிறது. ஆ சூனிடம் சொன்னேன், அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை வா. கவிதாவையும் கூட்டிக்கொண்டு வா. எதுவும் வாங்கிக்கொண்டு வர வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். முன்பெல்லாம்போல விடியும் முன்னே கிளம்பி வந்துவிடுவாய், எனக்குத் தெரியும். ஆனால் இப்போதெல்லாம் வெயில் ஏறும்வரை தூங்குகிறேன். கார் சத்தத்துக்கெல்லாம் விழிப்பு வருவதில்லை. வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்காதே. இறங்கி வந்து கதவைத் தட்டி என்னை எழுப்பு.

அம்மா